ப்ராசஸருக்கு ஒரு பங்கு

தவக்காலத்தில் எங்கள் கடற்கரையில் கல்யாணம் நடப்பதில்லை. சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிவிட்டால், பிறகு ஈஸ்டர் கழிந்துதான் கோயிலில் தாலி கட்டுவார்கள். அதனால் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்கும் அது ஓய்வுக் காலம். 2011இல் மட்டும் எனக்கு அது ஓய்வாக இல்லை.

குளச்சலில் ஒரு ஸ்டுடியோக்காரர் எனக்கு வேலை தந்துகொண்டிருந்தார். அவரை நாங்கள் காக்கா என்போம். அவருடைய தெருவில் அண்ணனுக்கு அதுதான் சொல். அவர் படம் பிடித்துத் தருவார். நான் வீட்டிலிருந்த கம்ப்யூட்டரில் அதைத் தொகுத்து, பாட்டுச் சேர்த்து, டிவிடியாக்கிக் கொடுப்பேன். அந்த வருடம் அவர் ஹெச்டி கேமரா ஒன்று வாங்கியிருந்தார். அதில் பிடித்த ஒரு ஞானஸ்நானத்தை என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். தண்ணீர் ஊற்றக் கையைத் தூக்கிய ஃபாதர் தூக்கியபடியே நின்றார். சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. குழந்தை வீரிட்டு அழுது ஓய்ந்த பிறகுதான் அதன் தலையில் தண்ணீர் விழுந்தது.

காக்கா என் தோளில் கை வைத்தார்.

“ஈஸ்டர் கழிஞ்சா எல்லாவனும் ஹெச்டிதான் கேப்பான் மக்கா. ஒனக்க பெட்டி இழுக்குமா, இல்ல நான் நாரோயில்ல கொடுக்கட்டா? மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாத. எனக்கும் தொழிலு.”

நாகர்கோவிலில் பெரிய பெரிய மெஷின் வைத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். அங்கே ஒரு தடவை போன வேலை திரும்பி வராது. எனக்கு வேறு வேலை இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிற முதல் ஆளும் நான்தான்.

அண்ணன் பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் இருந்தான். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். ஈஸ்டர் கழிந்த இரண்டாவது வாரம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தவக்காலத்தின் நடுவில் ஊருக்கு வருவதாக இருந்தான். கிளம்பும் முன்பு போன் செய்தான்.

“கார்டு தீரப்போவுது, சட்டுனு சொல்லு. அம்மை சொன்னா, ஒனக்க பெட்டி ஓடலியாமே. அதுல என்னது பழசாச்சு?”

“ப்ராசஸர்தான் அண்ணே. அதுதான் மூளை மாதிரி.”

“அது எத்தாம் பெருசு?”

“தீப்பெட்டி மாதிரி இருக்கும். அதவிடத் தட்டையா.”

“அப்ப சட்டைப்பையில வருமே,” என்றான். அந்தச் சந்தோஷம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து வருகிறவனின் பெட்டியில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஊரில் ஒரு சொந்தக்காரர் காத்திருப்பார். எடையே இல்லாமல் தம்பிக்கு ஒரு சாமான் கொண்டுவரலாம் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும். போர்டையும் பார்க்க வேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

வந்த அன்றைக்கு மாலையில், எல்லோருக்கும் பகிர்ந்து முடித்த பிறகு, சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தான். பிளாஸ்டிக் கூட்டுக்குள் சின்னச் சதுரம். அட்டைப் பெட்டி இடத்தை அடைக்கிறது என்று அங்கேயே எறிந்துவிட்டிருந்தான். கூட வந்த ஃபேனை மட்டும் துணிகளுக்கு நடுவில் திணித்து வைத்திருந்தான்.

“கடையில உள்ளதுல நல்லதாப் பாத்துத் தரச் சொன்னேன். எனக்க கல்யாணம்தான் இதுல மொதல்ல ஓடணும், கேட்டியா? திரும்பிப் போகும்போ நான் டிவிடிய கையில கொண்டுபோணும். போட்டுல எல்லாவனும் அவனவன் கல்யாணத்தப் போட்டுக் காட்டியாச்சு. நான்தான் பாக்கி.”

கூட்டைத் திறந்து பார்த்ததுமே இது என் போர்டில் உட்காராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரைக் கழற்றினேன். ஃபேனை எடுத்து, பக்கத்திலிருந்த சின்ன நெம்புகோலைத் தூக்கி, பழைய ப்ராசஸரை வெளியே எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தேன். 2004இல் வாங்கியது. அடியில் பொன்னிறக் கம்பிகள் நெருக்கமாக, முள்முள்ளாக நின்றன. அண்ணன் அதைப் பார்த்தான். பிறகு தான் கொண்டுவந்ததைத் திருப்பிப் பார்த்தான். அதன் அடியில் ஒரு கம்பிகூட இல்லை. வழவழவென்று பொன்னிறப் புள்ளிகள் மட்டும்.

அவன் முகம் மாறிவிட்டது. எழுந்துபோய் அந்தச் சட்டையை எடுத்துப் பையை வெளியே இழுத்தான். பெட்டியைக் கவிழ்த்தான். அம்மாவிடம் வெள்ளை வேட்டி ஒன்றைத் தரையில் விரிக்கச் சொல்லி, அதன்மேல் ஒவ்வொரு துணியாக உதறினான். விமானத்தில் சரிந்து தூங்கியபோது கம்பிகள் எல்லாம் ஒடிந்து உதிர்ந்துவிட்டன என்று நினைத்துவிட்டான். வேட்டியில் கொஞ்சம் மணலும் ஒரு பித்தானும்தான் விழுந்தன. அம்மா டார்ச்சை அடித்து அதையும் தடவிப் பார்த்தாள்.

“ஒடியல அண்ணே. இது இப்பிடித்தான். புதுசுல எல்லாம் கம்பி இருக்காது.”

“கம்பி இல்லாத சாமானத்துக்கு நல்லதுன்னு ஏம்லே சொன்னான் அவன்?”

அம்மா டார்ச்சை அணைத்தாள். “ஒன்ன வெவரமில்லாதவன்னு கண்டிருப்பான். முள்ளெடுத்துல்லா தந்திருக்கான்.”

அண்ணன் சிரிக்கவில்லை. நானும் அன்று சிரிக்கவில்லை. கம்பிகள் இப்போது ப்ராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன, புள்ளிகள் போய் அவற்றின்மேல் உட்காரும் என்று சொன்னேன். “அப்ப போர்டு மட்டும் மாத்துனாப் போதும்” என்றான். போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்கே இரண்டு பேரும் போனோம். நான் பழைய மெமரியைத் தாளில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் புதிய போர்டு ஒன்றை எடுத்து, மெமரி செருகும் இடத்தில் என்னுடையதை வைத்துக் காட்டினார். நடுவிலிருக்கும் வெட்டு பொருந்தவில்லை. வேறு இடத்தில் இருந்தது.

“இது டிடிஆர். அந்த போர்டு டிடிஆர் மூணுதான் எடுக்கும். மெமரியும் வேணும் தம்பி.”

“பழச எடுக்குற போர்டு இல்லியா?” என்று அண்ணன் கேட்டான்.

“போர்டு எடுத்தாலும் ஒங்க ப்ராசஸர் எடுக்காது.”

அவர் பொறுமையான மனிதர். கடையில் கூட்டமும் இல்லை. அன்று எனக்குப் புரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். என்னைப் போல ப்ராசஸரை மட்டும் வாங்கிவிட்டு முழிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பழைய ஏற்பாட்டில் ப்ராசஸர் நேராக மெமரியிடம் பேசாது. தனக்கு வேண்டியதைப் போர்டிலுள்ள வேறொரு சில்லிடம் கேட்கும். அந்தச் சில்லு போய் மெமரியிலிருந்து எடுத்துவந்து கொடுக்கும். ப்ராசஸரின் வேகம் கூடக் கூட, அந்த நடுவழிப் பேச்சே தாமதமாகிவிட்டது. அதனால் புதிய தலைமுறையில் அந்த வேலையையும் ப்ராசஸருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இப்போது மெமரியிலிருந்து வரும் தடங்கள் எல்லாம் ப்ராசஸரின் அடிக்கே வந்து சேர வேண்டும். தொடுபுள்ளிகள் கூடின, அவற்றின் இடங்கள் மாறின. மாறினால் பழைய சாக்கெட்டில் எப்படி உட்காரும்? தனக்குள்ளே வைத்திருக்கிற ஏற்பாடு எந்த வகை மெமரிக்கானதோ, அதோடு மட்டும்தான் அது பேசும். தவறுதலாக வேறு வகையை யாரும் செருகிவிடக் கூடாது என்றுதான் அந்த வெட்டின் இடத்தை மாற்றுகிறார்கள்.

இதைக் கேட்டு அண்ணன், “அதாவது தரகன வெட்டிவிட்டுட்டு நேரா யாவாரம்” என்றான். மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவன். கடைக்காரர் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினார்.

மின்சாரமும் ஒரு காரணம். ப்ராசஸருக்கு வேண்டிய அழுத்தத்தில் வேண்டிய அளவு மின்சாரத்தைச் சீராகக் கொடுப்பது போர்டில் அதைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னச் சாமான்களின் வேலை. பழைய போர்டின் சாமான்கள் பழைய ப்ராசஸரின் பசிக்காகச் செய்யப்பட்டவை. இன்னும் ஒன்று. சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடுவது போர்டிலேயே எழுதிவைத்திருக்கும் ஒரு சின்ன நிரல். எதிரே உட்கார்ந்திருக்கும் ப்ராசஸர் யாரென்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் துளை பொருந்தினாலும் திரை இருட்டாகத்தான் கிடக்கும்.

“எல்லாம் அவசியந்தானா அண்ணாச்சி? வேணும்னே மாத்துறானுவளா?” என்று நான் கேட்டேன்.

“பாதி அவசியம், பாதி யாவாரம். எந்தப் பாதி எதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. எனக்கும் கடையில பழைய போர்டு விக்காமக் கெடக்கு.”

அவர் ஒரு வழியும் சொன்னார். புதிய ப்ராசஸரை அவரிடம் கொடுத்துவிட்டால், அதற்கு முந்தைய வகையில் போர்டு, மெமரி, ப்ராசஸர் மூன்றும் சேர்ந்த பழைய செட் ஒன்று தருவார். ஹெச்டி ஓடுமா என்றேன். “ஓடும். இழுத்து இழுத்து ஓடும்.” ஞானஸ்நானத்தில் கையைத் தூக்கியபடி நின்ற ஃபாதர் என் கண்முன் வந்தார். ஆனாலும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அண்ணன் கையிலிருந்த பணம் எல்லாம் கல்யாணத்துக்கு வைத்தது. அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. என் கையில் ஒன்றும் இல்லை.

அண்ணன் ப்ராசஸரைக் கூட்டோடு எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “யோசிச்சிட்டு வாறோம்” என்றான்.

பஸ்ஸில் அவன் சட்டைப்பையைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு வந்தான். இரணியல் தாண்டியதும் கேட்டான்:

“அந்தப் போர்டும் மெமரியும் இல்லாம இது ஒண்ணுக்கும் ஆவாது. அப்பிடித்தானே?”

“அப்பிடித்தான்.”

“இது இல்லாம அது ரெண்டும்?”

“அதுவும் ஒண்ணுக்கும் ஆவாது.”

“அப்பச் செரி,” என்றான். என்ன சரி என்று எனக்குத் தெரியவில்லை.

குருத்தோலை ஞாயிறு அன்று பூசை முடிந்து, கையிலிருந்த ஓலையோடு என்னை நேராகக் குளச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். காக்கா ஸ்டுடியோவில் இருந்தார். அண்ணன் ப்ராசஸரைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான்.

“காக்கா, இது எஞ்சின். எனக்க சாமானம். புதுசு. வள்ளமும் வலையும் இல்லாமச் சும்மா கெடக்கு.”

காக்கா என்னைப் பார்த்தார். “என்ன மக்கா, ஒனக்க அண்ணன் வெயில்ல வந்தானா?”

எங்கள் பக்கத்தில் ஒரு வள்ளம் முழுக்க ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வள்ளம் ஒருவருடையது, எஞ்சின் இன்னொருவருடையது, வலை வேறொருவருடையது என்று இருக்கும். மீன் விற்றதில் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு வள்ளத்துக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு எடுப்பார்கள். மிச்சம் போன ஆட்களுக்கு. அண்ணன் அதைத்தான் கேட்டான். போர்டு வள்ளம், மெமரி வலை, இரண்டும் காக்கா போடட்டும். ப்ராசஸர் அவனுடையது. வேலை என்னுடையது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வருவதில் பங்கு.

“வள்ளத்துக்குப் பங்கு கேட்டிருக்கேன். கம்ப்யூட்டருக்குப் பங்கு கேக்குறவன இப்பத்தான் காணுறேன்,” என்றார் காக்கா. “ஒனக்க எஞ்சின் பொகஞ்சா?”

“எனக்க நஷ்டம்.”

“எனக்க வள்ளம் பொகஞ்சா?”

“ஒங்க நஷ்டம். கடல்ல அப்பிடித்தானே காக்கா.”

அவர் யோசித்தார். அவர் முகத்தில் சம்மதம் வருவது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“காக்கா, ஒண்ணு சொல்லணும். இது ரொம்ப நாளைக்கு நிக்காது. நாலஞ்சு வருஷத்துல இதவிட வேகமானது வேணும்னு வரும். அப்ப அண்ணன் ப்ராசஸர மட்டும் மாத்த முடியாது. மாத்துனா ஒங்க போர்டும் போகும். அனேகமா மெமரியும் போகும். அவன் ஒண்ண மாத்துறதுக்கு நீங்க ரெண்ட மாத்தணும்.”

மேசைக்கு அடியில் அண்ணன் என் காலை மிதித்தான். நல்ல மிதி.

காக்கா பின்னால் திரும்பி அலமாரியைக் காட்டினார். பழைய டேப் கேமரா அங்கே இருந்தது. அதன் பேட்டரிகள், சார்ஜர், பெட்டி பெட்டியாக டேப்புகள்.

“நான் கேமராதான் மாத்துனேன். வேற ஒண்ணும் மாத்தணும்னு நெனைக்கல. பிறகு பேட்டரி சேராதுன்னான். டேப்பு வேண்டாம், கார்டு வாங்குன்னான். லைட்டு காணாதுன்னான். இப்ப வந்து நிக்குறது ஒனக்க பெட்டியில. தொடங்குனவன் நான்தான் மக்கா. ஒனக்க அண்ணனக் கொற சொல்ல முடியுமா?”

அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தனியாக ஒருவன் மாற்றக் கூடாது. மாற்றுகிற நாள் வந்தால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

“அதுவரைக்கும் எவனும் புதுசப் பாத்து வாயப் பொளக்கப்பிடாது. செரியா?”

“செரி,” என்றான் அண்ணன். வெளியே வந்ததும் என்னிடம், “படிச்சவன்னு காட்டிட்டியே. ஒரு நிமிஷம் என் உசிரு போயிட்டு வந்துது” என்றான். ஆனால் கோபம் இல்லை. குருத்தோலையால் என் முதுகில் ஒன்று போட்டான்.

புனித வாரத்தில் போர்டும் மெமரியும் வந்தன. பழைய பெட்டியில் இருந்த பவர் சப்ளையும் புதிய போர்டுக்குச் சேராது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் பிளக்கில் கம்பிகள் குறைவு. காக்கா அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அது எண்ணெய்ச் செலவில் சேரும் என்று மட்டும் சொன்னார்.

மீதி இருந்தது வெறும் தகரப் பெட்டிதான். அதையும் மாற்றிவிடலாமா என்று நான் யோசித்தபோது அம்மா விடவில்லை. கம்ப்யூட்டர் வாங்கிய வருடம் வீட்டைச் சந்திக்க வந்த ஃபாதர் அதன்மேலும் தீர்த்தம் தெளித்து மந்திரித்திருந்தார்.

“உள்ள உள்ளத எல்லாம் எடுத்துட்டிய. மந்திரிச்சதுல இனி எனக்கு இந்தத் தகரந்தான் மிச்சம். இத எடுத்தா நான் சம்மதிக்க மாட்டேன்.”

போர்டு அந்தப் பெட்டியில் பொருந்தியது. திருகாணித் துளைகள் மட்டும் அத்தனை வருடத்தில் இடம் மாறாமல் இருந்தன. அம்மாவுக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை.

ப்ராசஸரை வைக்க வேண்டிய நேரத்தில் அண்ணன், “நான் வைக்கேன்” என்றான். எனக்குப் பயம். சாக்கெட்டுக்குள் இருக்கும் கம்பிகள் முடியைப் போல மெல்லியவை. விரல் பட்டால் வளைந்துவிடும், வளைந்தால் போர்டே போய்விடும். அவன் விரல்களோ கயிறு இழுத்துத் தடித்தவை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்கினான்.

“எவ்வளவு அமுக்கணும்?”

“அமுக்கவே வேண்டாம். சும்மா வச்சா அதுவே உக்காரும்.”

அவன் நம்பவில்லை. இருந்தாலும் சும்மா வைத்தான். அது உட்கார்ந்தது. நெம்புகோலை நான் இறக்கியபோது கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அது இயல்பு; அவனுக்குத் தெரியாதே. தோளைச் சுருக்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். அவன் கொண்டுவந்த ஃபேன் அதன்மேல் கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது. சுவிட்சைப் போட்டேன். திரை வெளிச்சமாகும் வரை மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. வந்ததும் அம்மா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

முதலில் அந்த ஞானஸ்நானத்தைத்தான் போட்டுப் பார்த்தேன். கை இறங்கியது, தண்ணீர் விழுந்தது, குழந்தை அதற்குப் பிறகு அழுதது.

அண்ணன் கல்யாணம் நன்றாக நடந்தது. காக்காவே வந்து பிடித்தார். நான் மாப்பிள்ளைத் தோழனாகவும் நிற்க வேண்டியிருந்ததால், அவர் சரியாகப் பிடிக்கிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாதிப் படங்களில் என் கழுத்து திரும்பித்தான் இருக்கிறது. அண்ணன் புறப்படுவதற்கு முன்பே தொகுத்து முடித்துவிட்டேன். பெரிய திரையில் ஓட்டியபோது மணப்பெண்ணாக நின்ற மைனியின் முந்தானைச் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. அண்ணன் தன் மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

காக்கா வந்து கணக்கு முடித்தார். அண்ணன் தன் கல்யாண வீடியோவுக்கான பணத்தை அவரிடம் கொடுத்தான். அவர் எண்ணெய்ச் செலவென்று கரண்டையும் பவர் சப்ளையையும் கழித்து, பங்கு பிரித்து, எஞ்சின் பங்கை அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“எனக்க கல்யாணத்துக்கு நானே காசு கொடுத்து, அதுல நானே பங்கும் வாங்குறேன். இந்த ஏற்பாடு போட்டுல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்,” என்று சொல்லி அதை அம்மாவிடம் நீட்டினான்.

பிறகு என்னிடம் திரும்பினான். “போட்டுல உள்ளது பழைய டிவியும் பழைய பிளேயருமாக்கும். இந்த ஹெச்டி அதுல ஓடுமா?”

“ஓடாது. அதுக்குத் தக்கன சின்னதாக்கி, சாதா டிவிடியாத்தான் போட்டிருக்கேன்.”

அவன் டிவிடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். இவ்வளவும் செய்து கடைசியில் சாதா டிவிடியா என்று கேட்பான் என எதிர்பார்த்தேன்.

“அது மதி, போதும்,” என்றான். “டிவிய மாத்தணும்னு தொடங்குனா, அதுக்குப் பிறகு போட்டையே மாத்தணும்னு சொல்லுவிய.”

டிவிடியைச் சட்டைப்பையில் வைத்துப் பார்த்தான். அது உள்ளே போகவில்லை. பெட்டியைத் திறந்து வேட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

அந்த வருடம் மே முழுக்க எனக்கு வேலை இருந்தது.